வாசகர் கேள்வி – பதில்: அறியா வினா

தாமும் வளர்ந்து, தம்மோடு இருப்பவர்களையும் வழிநடத்த விரும்புகிறவர்கள் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்பதே இம்மாதப் பகுதிக்கு எடுத்துக்கொண்ட பொருள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் ஆறுக்கு, தருமபுரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 15 பேர் இருக்கிறோம். ஆறு ஆண்டுகளாக நான் ஊக்குநராக இருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், "யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று தவறாமல் கேட்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் கலைந்த பிறகு குழாயடியில் எல்லாக் குறையும் பேசப்படுகிறது. அவர்களைக் கூட்டத்திலேயே பேச வைக்க என்ன செய்ய வேண்டும், ஐயா?
– ஓர் ஊக்குநர், பாலக்கோடு வட்டம்

பதில்: அம்மா, விடையின் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 'கூட்டத்தின் முடிவில்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் சேமிப்புப் பணத்தை எண்ணி முடித்திருப்பீர்கள். குழுவின் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடன் யாருக்கு என்று முடிவாகியிருக்கும். தீர்மான நோட்டு கைமாறிக் கையெழுத்தும் ஆகியிருக்கும். யாராவது ஒருவர் பாயைச் சுருட்டத் தொடங்கியிருப்பார். அந்த நேரத்தில் 'ஏதாவது கேட்க வேண்டுமா?' என்றால் அதற்கு ஊர்ப் பேச்சில் 'எழுந்திருக்கலாமா?' என்றுதான் பொருள். உங்கள் உறுப்பினர்கள் அதைச் சரியாகவே புரிந்துகொண்டு எழுந்து போகிறார்கள்.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. பதில் தெரிந்தே, மாணவனுக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. கிடப்பது கயிறா பாம்பா என்று கேட்பது ஐய வினா. கடைக்காரரிடம் 'துவரை இருக்கிறதா?' என்பது வாங்குவதற்காகக் கேட்கும் கொளல் வினா. 'உனக்குப் போர்வை இல்லையா?' என்று கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது கொடை வினா, 'பாடம் படித்தாயா?' என்பது, போய்ப் படி என்று ஏவுகிற ஏவல் வினா. ஆண்டுதோறும் இதைத் தேர்வுக்காக நடத்திக்கொண்டிருந்த எனக்கு, தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து சில ஆண்டுகள் போன பிறகே இதில் என்னையும் பற்றி எழுதியிருக்கிறது என்று உறைத்தது. பொறுப்புக்கு வந்தவர்கள் நாள் முழுவதும் கேட்பவை பெரும்பாலும் அறிவினாவும் ஏவல் வினாவுமே. அறியா வினா மெல்ல மெல்ல வாயிலிருந்து மறைந்துவிடுகிறது, ஏனென்றால் அதைக் கேட்க வேண்டுமானால் 'எனக்கு இது தெரியாது' என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரியாத ஒன்றைக் கூட்டத்தின் தொடக்கத்தில், பணத்தை எடுக்கும் முன்பு கேளுங்கள். அது எல்லாவற்றையும் பற்றிய அகலமான கேள்வியாக இல்லாமல், கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். 'வருகிற மாதத்தில் உங்கள் வீட்டில் கையில் காசு இல்லாத வாரம் எது?' என்று கேட்டுப் பாருங்கள். பட்டுப்புழு வளர்ப்பவருக்குக் கூடு விற்கிற வரைக்கும் கைவறட்சி. தக்காளி பறிப்பவருக்குச் சந்தை விலை எப்படியோ அப்படி. கணவர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பவருக்குச் சனிக்கிழமைக் கூலி வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை. பதினான்கு பேரும் பதினான்கு பதில் சொல்வார்கள். தவணை எந்தத் தேதியில் வைத்தால் தவறாமல் வரும் என்பதும் அந்தப் பதில்களிலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேட்ட பிறகு காத்திருக்கவும் வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டார். அதை 3 நொடியாக நீட்டியபோதே மாணவர்களின் பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்பதற்குச் சிறியது. வட்டமாக உட்கார்ந்து பதினான்கு முகங்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும்போது அது மிக நீளமாக இருக்கும். அந்த இடைவெளியில் நீங்களே பேசி நிரப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. அதே நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது, அவற்றில் பல நேரான விடைகள் அல்ல. 'அடுத்த வாரம் வங்கிக்கு வருகிறாயா?' என்றால், 'கால் வலிக்குது அக்கா' என்று சொல்வதும் விடைதான். அதற்கு உற்றது உரைத்தல் என்று பெயர். 'என் தவணை பரவாயில்லை, மாட்டுக்குத்தான் தீவனம் வாங்கணும்' என்று ஒருவர் சொன்னால் அவர் பேச்சை மாற்றவில்லை, கஷ்டத்தைச் சொல்லிவிட்டார். அதை அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டியது ஊக்குநரின் வேலை. முதல் ஆள் குறை சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குறையை அவர் சொன்ன வார்த்தையிலேயே தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல், வேளாண்மை வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கப்பட்டது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து 'வட்டி எப்படிக் கணக்குப் போட்டீங்க?' என்று கேட்டதை அந்தக் காலத்தில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களின் மகள்களும் மருமகள்களும்தான் இன்று உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்கத் தெரியும், அம்மா.

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக்காரன். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். லைனில் ரிஜெக்‌ஷன் வந்தால் 'ஐந்து முறை ஏன்' கேட்டுக் காரணத்தை எழுத வேண்டும் என்பது நடைமுறை. எப்படித் தொடங்கினாலும் கடைசியில் 'ஆப்பரேட்டரின் கவனக்குறைவு' என்றே முடிகிறது. இப்போது தவறு நடந்தால் பையன்கள் என்னிடம் மறைக்கிறார்கள்.
– ஒரு சூப்பர்வைசர், ஓசூர்

பதில்: ஓசூரில் வேலை செய்யும் என் பழைய மாணவர்கள் சொல்லித்தான் இந்த முறையைப் பற்றித் தெரிந்துகொண்டேன், பிறகு தேடியும் படித்தேன். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்த முறை இது. அந்நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்தவர்களில் முக்கியமானவரான தாய்ச்சி ஓனோ இதை விளக்கச் சொல்லும் உதாரணத்தைக் கவனியுங்கள். இயந்திரம் ஏன் நின்றது? சுமை மிகுந்து ஃபியூஸ் போனது. சுமை ஏன் மிகுந்தது? பேரிங்கில் போதிய எண்ணெய் இல்லை. எண்ணெய் ஏன் இல்லை? பம்ப் சரியாக இழுக்கவில்லை. பம்ப் ஏன் இழுக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. இந்த ஐந்து பதிலிலும் ஒரு மனிதனின் பெயர்கூட இல்லை. உங்கள் அறிக்கைகளில் எத்தனையாவது 'ஏன்' என்ற இடத்தில் ஆளின் பெயர் வருகிறது என்று பழைய தாள்களை எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில்தான் விசாரணை நின்றுபோயிருக்கும்.

தமிழில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற வாக்கியத்தை நாம் எல்லோரும் முதன்முதலாகக் கேட்டது அடி வாங்குவதற்கு ஒரு நொடி முன்பு. வினைச்சொல்லின் கடைசியில் 'ஆய்' வந்துவிட்டால், கேட்பவர் காரணத்தைத் தேடுவதில்லை, தப்பிக்கும் வழியைத் தேடுகிறார். ஆகவே முதலில் வாக்கியத்திலிருந்து 'நீ'யை எடுத்துவிடுங்கள். 'என்ன நடந்தது? முதலில் எது கண்ணில் பட்டது? அப்போது கையில் என்ன இருந்தது?' என்று கேளுங்கள். 'ஏன்' அதற்கு அப்புறம் வரட்டும், அதுவும் பொருளைப் பார்த்து வரட்டும்.

ஷிகெயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1961இல் ஒரு தொழிற்சாலையில் கண்டதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே சிறிய சுவிட்ச் ஒன்றைக் கோத்தார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். சில நேரங்களில் வேலையாட்கள் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். புகார் வரும்போதெல்லாம் 'கவனமாக இருங்கள்' என்று கண்டிப்பார்கள். சில நாள் சரியாக இருக்கும், பிறகு பழையபடி ஆகும். ஷிங்கோ செய்தது மிகச் சாதாரணமான காரியம். டப்பாவிலிருந்து நேராக எடுத்து வைக்காமல், முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எண்ணி ஒரு சின்னத் தட்டில் போட்டுக்கொண்டு, பிறகு தட்டிலிருந்து எடுத்துக் கோக்கச் சொன்னார். கோத்து முடித்த பிறகு தட்டில் ஒன்று மீந்திருந்தால் மறந்திருக்கிறோம் என்று அந்த ஆளுக்கே தெரிந்துவிடும். மேலதிகாரிகள் அதுவரை 'ஏன் மறக்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ, மறந்தால் மறந்தவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தார். மறதி மனிதனோடு பிறந்தது. தட்டு யாரோ ஒருவர் வைத்தால்தான் வரும்.

உங்கள் லைனில் ஒரு மாதத்துக்குக் 'கவனக்குறைவு' என்ற சொல்லை எந்தத் தாளிலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்யுங்கள். எழுத வேண்டி வந்தால், அதற்குப் பதிலாக, கவனம் தவறினாலும் பாகம் தவறாமல் இருக்க என்ன இல்லை என்று எழுதுங்கள். பையன்களிடம், 'இதே தவறு முன்பும் வந்து, நீங்களே சரிசெய்து அனுப்பியிருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். 'ஆமாம் சார்' என்று ஒருவன் சொன்னால், அன்றைக்கு அவன்மேல் நடவடிக்கை எடுக்காமல் இருக்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். அந்த ஒரு நாளில் நீங்கள் நடந்துகொள்வதை வைத்துத்தான் அடுத்த ஓராண்டு உங்களிடம் எது சொல்லப்படும், எது மறைக்கப்படும் என்பது முடிவாகும்.

கேள்வி: இரவில் படுத்தவுடன், "நான் ஏன் இப்படி இருக்கிறேன்? ஏன் பிள்ளைகளிடம் கத்துகிறேன்? ஏன் எதையும் முழுதாகச் செய்ய முடியவில்லை?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். தன்னைத் தானே கேள்வி கேட்டால் வளரலாம் என்கிறார்கள். எனக்குத் தூக்கம்தான் போகிறது.
– ஓர் ஆசிரியை, அரூர்

பதில்: சகோதரி, மேலே ஓசூர் நண்பருக்கு எழுதியதையே உங்களுக்கும் எழுத வேண்டியிருக்கிறது. இயந்திரத்தைப் பார்த்துக் கேட்கும் 'ஏன்' உள்ளே கொண்டுபோகும். நடுராத்திரியில் தன்னைப் பார்த்துக் கேட்கும் 'ஏன்' பெரும்பாலும் திட்டுதான். களைத்த மனம் அதற்கு ஏதாவது ஒரு பதிலை உடனே கொண்டுவந்து கொடுக்கும், அது உண்மையா என்று அந்த நேரத்தில் சோதித்துப் பார்க்கவும் முடியாது. 'நான் அப்படித்தான்' என்ற பதிலை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் என்ன செய்ய முடியும்?

'எப்போது', 'எங்கே', 'அதற்கு முன் என்ன' என்று மாற்றிக் கேளுங்கள். நானும் வகுப்பில் கத்துகிறவனாக இருந்தேன். ஒரு காலத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கத்திய நாளில் எல்லாம் தேதி, பாடவேளை, வகுப்பு மூன்றை மட்டும் எழுதி வந்தேன். காரணம் எழுதுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் நான்காம் பாடவேளையாகவே இருந்தது. வகுப்பு எதுவாக இருந்தாலும் அதேதான். காலையில் முதல் பேருந்தைப் பிடிக்கச் சாப்பிடாமல் வந்து, மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையில் நின்றுகொண்டிருந்த ஒரு மனிதனின் பசி அது. அதை நான் பத்து ஆண்டுகளாக என் குணம் என்றும், அந்தப் பிள்ளைகளின் குணம் என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன். கேழ்வரகு அடை இரண்டை இலையில் கட்டி எடுத்துவரத் தொடங்கினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நோட்டில் பக்கங்கள் மெதுவாக நிரம்பின.

உங்களுக்கு அது பசியாக இருக்காது. வேறு ஏதாவதாக இருக்கும். பகலில், உட்கார்ந்து, எழுதிக் கேட்டால்தான் அது தெரியும். படுக்கையில் கேட்கவே வேண்டாம். தூக்கமின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதைச் சுயபரிசோதனையால் தீர்க்க முயலாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: பட்டப்படிப்பு முடித்துவிட்டு அப்பாவின் மூன்று ஏக்கர் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். எந்தத் தொழில் லாபம் என்று எல்லோரிடமும் கேட்கிறேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– ஓர் இளைஞர், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, 'எது லாபம்?' என்று நாற்றுப் பண்ணைக்காரரைக் கேட்டால் நாற்று என்பார், உரக்கடைக்காரரைக் கேட்டால் உரம் போட்டுச் செய்யும் பயிரைச் சொல்வார். அவர்கள் பொய் சொல்லவில்லை; நீங்கள் கேட்டது அப்படி. அந்தத் தொழிலில் நஷ்டப்பட்டு விட்டவர் யார் என்று விசாரித்து, அவர் வீட்டுக்குப் போய், 'இது சரிவராது என்று உங்களுக்கு எந்த மாதத்தில் தெரிந்தது?' என்று மரியாதையோடு கேளுங்கள். ஜெயித்தவரிடம் ஒரு மணி நேரம் பேசினாலும் கிடைக்காத விவரம் அதில் கிடைக்கும்.

உங்கள் தோப்பைப் பற்றியே கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கத்து பெங்களூரா வகை மாங்காய் பெரும்பாலும் பழக்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிறது. பறித்த காய் காத்திருக்காது. காத்திருக்க முடியாத பொருளுக்கு வாங்குகிறவர்தான் விலை சொல்வார். 'இந்த ஆண்டு விலை என்ன?' என்பதை விட, 'விலை பிடிக்கவில்லை என்றால் நான் எத்தனை நாள் பொறுக்க முடியும், பொறுக்க என்ன வேண்டும்?' என்று தந்தையும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். அது உங்கள் கையில் இருக்கும் விஷயம்.

கேள்வி: ஐயா, நீங்கள் கேட்ட மிகத் தவறான கேள்வி எது?
– கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: பல் துலக்கினாயா என்று கேட்டேன்.

1990களின் நடுவில், பென்னாகரம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பொறுப்பேற்றிருந்தேன். காலை வழிபாட்டில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நகம், தலைமுடி, பல் பார்ப்பேன். பல் பழுப்பேறியிருந்தவர்களைத் தனியாக நிற்கவைத்து, "பல் துலக்கினாயா?" என்று கேட்பேன். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் ஒவ்வொரு நாளும் "துலக்கினேன் ஐயா" என்பாள். ஒவ்வொரு நாளும் அவளை நான் நம்பவில்லை. ஒரு நாள் அவள் வாயைத் திறந்தபோது ஈறில் ரத்தம் இருந்தது. வலது ஆட்காட்டி விரலின் நகக்கண்ணில் சிவப்பாகப் பொடி படிந்திருந்தது. செங்கல்லை உடைத்துப் பொடியாக்கித் தேய்த்திருக்கிறாள்.

அவள் அம்மாவை வரச் சொன்னேன். கண்டிப்பதற்காகத்தான் வரச் சொன்னேன். அந்த அம்மா சொன்னார்: "பால்பல்லு வெள்ளையாத்தான் சார் இருந்துச்சு. விழுந்து மொளைச்சதெல்லாம் இப்படித்தான். எங்க தெருவுல எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான்."

எங்கள் தெருவில் என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. சோம்பேறித்தனம் ஒரு தெரு முழுக்க இருக்குமா? முதன்முதலாக அன்றைக்குத்தான் பதில் தெரியாமல் ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? அந்தத் தெருவுக்கு ஆழ்துளைக் கிணற்றுக் கைப்பம்பு ஒன்றுதான். பாறைக்குள்ளிருந்து வரும் அந்த நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் உள்ள நீரை, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் குடித்தால், பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். எதைக் கொண்டு தேய்த்தாலும் அது போகாது. நாளாக ஆக எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அந்தத் தெருவில் ஐம்பது வயதிலேயே முதுகு வளைந்து நடந்தவர்களை நான் பல முறை பார்த்திருந்தும், பிள்ளைகளின் பல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்கு அது மிகவும் காலம் கடந்தது. நான் அவளிடம் வரிசையில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன், ஏனென்றால் அவமானப்படுத்தியதும் எல்லோர் முன்னால்தான். அவள், "அப்போ நான் துலக்குறது போதுமா ஐயா?" என்று கேட்டாள். உங்கள் கேள்விக்கு இதைத் தவிர வேறு பதில் எனக்கு இல்லை, அம்மா. கையில் அதிகாரம் இருந்தபோது, பதிலை முன்பே முடிவு செய்துகொண்டு கேட்டேன்.

கேள்வி: எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய் போட்டதாகச் சொல்கிறார்கள், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. கிராம சபையில் எழுந்து "பணமெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டேன். பெரிய கூச்சலாகி, என்னைச் சண்டைக்காரன் என்றுவிட்டார்கள்.
– ஓர் இளைஞர், தேன்கனிக்கோட்டை வட்டம்

பதில்: நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது கேள்வி வடிவில் இருந்த குற்றச்சாட்டு. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, கூச்சல் போட்டால் போதும். ஒரு தாளைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும் என்பது போலக் கேளுங்கள்: 'இந்தக் குழாய் வேலையின் மதிப்பீடு எவ்வளவு? வேலை முடிந்ததாக எழுதியிருக்கும் தேதி எது? திட்ட வரைபடத்தில் எங்கள் தெரு இருக்கிறதா?' பதில் சொல்ல முடியாவிட்டால், கேள்வியைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். தனியாகப் போகாமல், உங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் வருகிறது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கும்.

அங்கே கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதில் 'ஏன் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடவில்லை?' என்று எழுதாதீர்கள். ஆவணத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கடமை அந்தச் சட்டத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தின் நகல், வேலை முடிந்ததற்கான சான்றின் நகல்' என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அனுப்பிய ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.